ஸ்டோர் இருந்த இடத்தில் யார் விளையாடுவது?

கடந்த சில மாதங்களாக எமக்கு வரும் கடிதங்களில் ஒரே விடயம் திரும்பத் திரும்ப வருகிறது. எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், யுவதிகள். "எங்கள் தோட்டத்து ஸ்டோர் மூடி வருடக்கணக்காகிறது. மெஷின்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கூரையும் சுவரும் சும்மா நிற்கின்றன. மழைக்காலத்தில் மூன்று நான்கு மாதம் மைதானத்தில் கால் வைக்க முடிவதில்லை. அந்த ஸ்டோரை உள்ளக விளையாட்டரங்காக மாற்றித் தரும்படி சங்கம் கேட்கக்கூடாதா?" என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

தோட்டக் கமிட்டிகளில் இருக்கும் மூத்தவர்களிடம் இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள், சிலர் கோபப்படுகிறார்கள். "லயத்துக் கூரை ஒழுகுகிறது, பேர் விழுவதே பெரும்பாடு, இதில் விளையாட்டரங்கா?" என்கிறார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லையென்று நாம் சொல்ல மாட்டோம். ஆனாலும் பிள்ளைகளின் கேள்வியைத் தூக்கியெறிய எமக்கு மனம் வரவில்லை. அவர்கள் கேட்பது விளையாட இடம் மட்டுமல்ல. ஒரு வேலைத்தலம் மூடப்பட்ட பிறகு அந்த நிலம் யாருக்கு என்பதே அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அதற்கு வேறொரு நாட்டில் என்ன பதில் கிடைத்தது என்று இந்த இதழில் பார்ப்போம். அந்த இடம் நமக்கு முழுக்க அந்நியமானதல்ல. நம் முன்னோர் பறித்த கொழுந்து போய்ச் சேர்ந்த கிழக்கு லண்டன்தான் அது.

அங்கே ஹக்னி விக் என்ற பகுதியில் 'கொப்பர் பொக்ஸ்' என்றொரு அரங்கு இருக்கிறது. பெயருக்கு ஏற்றபடி வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பெரிய செப்புப் பெட்டிதான், வேறு அலங்காரம் எதுவுமில்லை. மேற்பகுதி முழுவதும் செப்புத் தகடு, அதில் பெரும்பங்கு பழைய செம்பை உருக்கிச் செய்தது. 2012 ஒலிம்பிக்குக்காக 4 கோடி பவுணுக்கு மேல் செலவழித்து 2011இல் கட்டி முடித்தார்கள். கூரையில் 88 ஒளிக்குழாய்களைப் பொருத்தி வெயில் வெளிச்சத்தை உள்ளே இறக்கியிருக்கிறார்கள், பகலில் மின்விளக்குத் தேவை வெகுவாகக் குறைகிறது. கூரையில் விழும் மழைநீரையும் சேமித்துப் பயன்படுத்துகிறார்கள். கீழ்த்தட்டு ஆசனங்களை லாச்சி மாதிரி உள்ளே தள்ளிவிடலாம். தள்ளிவிட்டால் தரை முழுவதும் விளையாட்டுக்கு, இழுத்துவிட்டால் பெரிய போட்டிக்கு. அதிகபட்சம் சுமார் 7,500 பேர் உட்காரலாம். ஒலிம்பிக்கில் ஹேண்ட்போல் ஆட்டங்களும் ஐந்தம்சப் போட்டியின் வாள்வீச்சும் இங்கே நடந்தன. கூட்டம் போட்ட சத்தத்தில் 'அதிரும் பெட்டி' என்று பட்டப்பெயரும் வந்தது.

அடுத்து வந்த பராலிம்பிக்கில் அதே பெட்டிக்குள் சத்தமே போடக்கூடாது என்றானது. பார்வையற்றோர் ஆடும் கோல்போல் அங்கேதான் நடந்தது. பந்துக்குள் மணி இருக்கும், ஆடுபவர்கள் அந்த ஓசையைக் கேட்டுத்தான் பாய்ந்து மறிக்க வேண்டும். ஆட்டம் நடக்கும்போது ஆயிரக்கணக்கானோர் மூச்சுக் காட்டாமல் இருந்தார்கள். பெண்களில் ஜப்பானும் ஆண்களில் பின்லாந்தும் தங்கம் வென்றன. கோல்போல் ஆடுகளம் 18 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம். நம் பிள்ளைகள் ஆடும் கரப்பந்தாட்டக் களத்தின் அளவும் அதேதான். இந்த அளவை ஞாபகத்தில் வைத்திருங்கள், கடைசியில் தேவைப்படும்.

2013 ஜூலையில் அந்த அரங்கு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று அக்கம்பக்கத்தவர்கள் கட்டணம் கட்டி பூப்பந்து, கூடைப்பந்து, வலைப்பந்து ஆடுகிறார்கள், உடற்பயிற்சி செய்கிறார்கள். லண்டன் லயன்ஸ் என்ற கூடைப்பந்து அணிக்கும் அதுதான் சொந்தக் களம்.

அந்த நிலத்தின் பழைய கதையையும் சொல்ல வேண்டும். நாற்றமும் நஞ்சும் உள்ள தொழில்களை லண்டன் நகருக்குள் வைக்கக்கூடாதென 1844இல் ஒரு சட்டம் கட்டுப்பாடு விதித்தது. லீ ஆற்றுக்கு அப்பால் அந்தச் சட்டம் செல்லாது. எனவே எலும்பு காய்ச்சுகிறவர், சாயம் போடுகிறவர், இரசாயனம் வடிக்கிறவர் எல்லோரும் ஆற்றங்கரைக்கு வந்தார்கள். பணக்காரர் வீட்டு ஜன்னலுக்குப் போகக்கூடாத புகை ஏழைகளின் ஜன்னலுக்குப் போனது. பிளாஸ்டிக்கின் மூதாதையான 'பார்க்கசீன்' என்ற பொருளை விற்பனைக்காக முதன்முதல் செய்த தொழிற்சாலையும் 1866இல் ஹக்னி விக்கில்தான் தொடங்கியது.

அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில், போ என்ற இடத்தில் பிரையன்ட் அன்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலை இருந்தது. 1888 ஜூலையில் அங்கே சுமார் 1,400 பெண்களும் சிறுமிகளும் வேலையை விட்டு வெளியேறினார்கள். வெள்ளைப் பொசுபரசு அவர்களில் பலருடைய தாடை எலும்பை அழுகவைத்தது. கால் அழுக்காக இருந்தால் தண்டம், பேசினால் தண்டம். தாமதித்து வந்தால் அரை நாள் வெளியே நிறுத்திக் கூலியை வெட்டினார்கள் என்று அன்னி பெசன்ட் எழுதினார். நம் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொழுந்து நிறை காணவில்லை என்று 'அரைப்பேர்' வாங்கிய எந்த அம்மாவும் அந்தத் தீப்பெட்டிப் பெண்ணை உடனே அடையாளம் கண்டுகொள்வார். சில வாரங்களில் அவர்கள் வென்றார்கள். தண்டம் நின்றது, சங்கம் அமைந்தது. ஆனால் அந்த நச்சுப் பொருளை நிறுவனம் கைவிட 1901 வரை காலம் பிடித்தது.

தேயிலைக்கும் அந்த மண்ணுக்கும் உள்ள உறவு இன்னும் நெருக்கமானது. லூல்கந்துர தோட்டத்திலிருந்து 1873இல் லண்டனுக்குப் போன முதல் இலங்கைத் தேயிலை வெறும் 23 இறாத்தல். பிறகு பெட்டி பெட்டியாகக் கப்பல்கள் போயின. அந்தப் பெட்டிகளை இறக்கிச் சுமந்து, களஞ்சியங்களில் அடுக்கிய கிழக்கு லண்டன் தொழிலாளர் 1887இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். தொடங்கியவர் தேயிலைக் களஞ்சியத்தில் வேலை செய்த பென் டிலெட். சங்கத்தின் பெயரே 'தேயிலைத் தொழிலாளர் மற்றும் பொதுக் கூலியாளர் சங்கம்'. 1889இல் மணிக்கு ஆறு பென்ஸ் கூலி கேட்டு லண்டன் துறைமுகத்தையே நிறுத்திய மாபெரும் வேலைநிறுத்தம் அந்தச் சங்கத்திலிருந்து கிளம்பியதுதான். பட்டினி நெருங்கிய வேளையில் அவுஸ்திரேலியத் தொழிலாளர் 30,000 பவுணுக்கு மேல் அனுப்பி வைத்தார்கள். அந்தச் சங்கம் 1922இல் பெரிய போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தோடு இணைந்தது. அதுவும் 2007இல் 'யுனைட்' என்ற இன்றைய சங்கத்துக்குள் சேர்ந்தது. தேயிலைக் கயிற்றின் ஒரு நுனி நம் மலையிலும் மறுநுனி அவர்கள் தோளிலும் இருந்திருக்கிறது. நம் பள்ளிக்கூடப் புத்தகங்களில் இதைத் தேடினால் கிடைக்காது.

பின்னர் துறைமுகங்களும் தொழிற்சாலைகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தீப்பெட்டித் தொழிற்சாலை 1979இல் நின்றது. 2005 ஜூலையில் ஒலிம்பிக் போட்டி லண்டனுக்குக் கிடைத்தபோது, அந்த ஆற்றுவெளியை "பாழடைந்த தொழில் நிலம்" என்றே எல்லோரும் சொன்னார்கள். அந்தச் சொல்லை நாம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். பாழ் என்று சொல்லப்பட்ட அந்த நிலத்தில் 200க்கு மேற்பட்ட சிறு நிறுவனங்களும் சுமார் 5,000 வேலைகளும் இருந்தன. கிளேஸ் லேன் என்ற கூட்டுறவுக் குடியிருப்பில் 400க்கு மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். மேனர் கார்டனில் ஏறக்குறைய 80 தோட்டத்துண்டுகளில் சாதாரணக் குடும்பங்கள் காய்கறி பயிரிட்டன. லயத்துக்குப் பின்னால் நாம் போடும் மரக்கறிப் பாத்தி போலத்தான் அவையும். 2007இல் எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். நட்டஈடு கிடைத்தது, மாற்றிடமும் காட்டப்பட்டது. ஆனால் ஒன்றாக வாழ்ந்த ஒரு சமூகம் பல திசைகளில் சிதறியது. அந்தக் கூட்டுறவுக் குடியிருப்பு பிறகு எழும்பவேயில்லை. செப்புப் பெட்டியின் அழகைச் சொல்லும்போது இந்த வரியையும் சேர்த்துச் சொல்லாதவர் முழு உண்மையைச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நடந்த வேலையில் நாம் மதிக்க வேண்டியவை உண்டு. நூறு வருடத்து எண்ணெய், தார், ஈயம் எல்லாம் ஊறிய மண் அது. சுமார் 20 லட்சம் டன் மண்ணை அங்கேயே வைத்து இயந்திரங்களில் கழுவினார்கள். அந்த இடத்துக்கு 'மண் ஆஸ்பத்திரி' என்று பெயர் வைத்தார்கள். மின்கோபுரங்கள் 52ஐ அகற்றிக் கம்பிகளை நிலத்துக்கு அடியில் கொண்டுபோனார்கள். பூங்காவிலும் வீரர் குடியிருப்பிலுமாக சுமார் 46,000 பேர் வெவ்வேறு காலங்களில் வேலை செய்தார்கள். அந்தக் கட்டுமானத்தில் வேலை விபத்தால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஒலிம்பிக் கட்டுமானங்களில் இது சாதாரணமல்ல, 2004 ஏதென்ஸ் போட்டிக்கான கட்டுமானங்களில் தொழிலாளர் பலர் இறந்திருக்கிறார்கள். லண்டனில் கட்டட வேலை தொடங்கும் நேரத்திலேயே சங்கங்களோடு உடன்பாடு எழுதப்பட்டது. நேரடி வேலை, பயிற்சி, பாதுகாப்பு ஆகிய விடயங்களைச் சங்கங்கள் மேசைக்குக் கொண்டுவந்தன.

எம்மை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொரு திகதி. கிழக்கு லண்டனின் தேவாலயங்கள், பள்ளிவாசல்கள், பாடசாலைகள், சங்கக் கிளைகள் ஆகியவை 'டெல்கோ' என்ற கூட்டமைப்பில் சேர்ந்திருந்தன. அவர்கள் நகர மேயரான கென் லிவிங்ஸ்டனிடமும், போட்டியைக் கேட்ட குழுவின் தலைவர் செபஸ்டியன் கோவிடமும் உறுதிமொழி எழுதி வாங்கியது 2004இல். போட்டி கிடைக்குமா என்றே தெரியாத காலம். உள்ளூர் மக்களின் ஆதரவு தேவைப்பட்ட அந்த நேரத்தில்தான் பேரம் பேசினார்கள். ஒலிம்பிக் வேலைகளில் வாழ்க்கைக் கூலி வேண்டும், உள்ளூரவருக்குப் பயிற்சி வேண்டும், ஏழைகள் வாங்கக்கூடிய சமூக நிலவுடைமை வீடுகள் வேண்டும் என்று கேட்டார்கள். போட்டி கிடைத்த மறுநாள் போயிருந்தால் வாசற்காவலாளியைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார்கள்.

கேட்டதெல்லாம் கிடைத்ததா என்றால், இல்லை. ஒலிம்பிக் வேலைகளுக்குள் வாழ்க்கைக் கூலி என்ற நிபந்தனை நுழைந்தது. வீடு விடயம் வேறு மாதிரிப் போனது. சமூக நிலவுடைமை அமைப்பின் முதல் வீடுகளில் மக்கள் குடியேறியபோது 2017 ஆகிவிட்டது. அவையும் பூங்காவுக்கு வெளியே, மூடப்பட்ட பழைய ஆஸ்பத்திரி வளவில், மொத்தம் 23. பூங்காவைச் சுற்றி எழுந்த புதிய குடியிருப்புகளில் பெரும்பாலானவற்றின் விலை அந்தப் பகுதியின் பழைய குடிகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. எத்தனை வீடு, எந்த இடத்தில், எந்த வருடத்துக்குள் என்று எண்ணோடும் திகதியோடும் எழுதாத வாக்குறுதிக்கு இதுதான் கதி. நம் நாட்டில் ஏழு பேர்ச்சஸ் கதை கேட்டவர்களுக்கு இது புதிதல்ல.

அரங்கை நடத்துவது யார் என்பதும் முக்கியம். 1993இல் லண்டனின் கிரீனிச் பகுதி உள்ளூராட்சி சபை செலவை வெட்டத் தொடங்கியபோது, அதன் விளையாட்டு நிலையங்களில் வேலை செய்தவர்களே கூட்டுறவாகச் சேர்ந்து நிர்வாகத்தைக் கையேற்றார்கள். 'ஜிஎல்எல்' என்ற அந்த இலாப நோக்கற்ற அமைப்புத்தான் கொப்பர் பொக்ஸைப் பொதுமக்களுக்குத் திறந்து நடத்தியது. தொழிலாளர் கூட்டுறவில் பிறந்தது என்பதற்காக நாம் கண்ணை மூடிக்கொள்ளத் தேவையில்லை. 2019இல் புரொம்லி பகுதியில் அதே அமைப்பின் கீழ் இருந்த நூலக ஊழியர்கள் யுனைட் சங்கத்தின் தலைமையில் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளி யாராக இருந்தாலும் சங்கம் வேண்டும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

அதே பூங்காவில் உள்ள பெரிய மைதானத்தையும் பாருங்கள். போட்டி முடிந்த பிறகு அதை உதைபந்தாட்டத்துக்கு ஏற்றபடி மாற்ற 32 கோடி பவுணுக்கு மேல் செலவானது. அங்கே ஆடும் வெஸ்ட் ஹாம் கழகம் குடிவந்தபோது பேசிய வாடகை வருடத்துக்கு 25 லட்சம் பவுண் அளவில்தான். மிச்சச் செலவு பொதுப்பணத்தின் தலையில். தொலைக்காட்சியில் பெயர் பெற்றது அந்தப் பெரிய மைதானம். சனிக்கிழமை காலையில் பக்கத்துத் தெருப் பிள்ளை சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு போவது சின்னப் பெட்டிக்கு. நமக்கு எது வேண்டும் என்று கேட்டால், அடிக்கல்லும் மாலையும் பத்திரிகைப் படமும் உள்ள பெரிய திட்டங்களைவிட, மழை படாத ஒரு தரையும் நான்கு விளக்கும் போதும் என்போம்.

தீப்பெட்டிப் பெண்கள் வேலை செய்த கட்டடம் இன்று தனியார் குடியிருப்பு. செங்கல் சுவர்கள் அப்படியே இருக்கின்றன, உள்ளே போக வீட்டுச் சொந்தக்காரராக இருக்க வேண்டும். நம் பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு. கந்தப்பளையில் மூடப்பட்ட ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் சொகுசு ஹோட்டலாகத் திறக்கப்பட்டது. பழைய மெஷின்களைக்கூடப் பத்திரமாக வைத்து அழகாகச் செய்திருக்கிறார்கள், இடிந்து விழ விடுவதைவிட அது நல்லது. ஆனாலும் மூடிய ஸ்டோர் ஒவ்வொன்றும் வெளிநாட்டார் படுத்துறங்கும் இடமாகத்தான் வேண்டும் என்று எழுதி வைக்கவில்லை.

நம் நிலைமையில் ஒரு விடயம் லண்டனைவிடச் சாதகமானது. கம்பெனிகள் நடத்தும் பெருந்தோட்டங்களின் நிலம் பெரும்பாலும் அரசுக்குச் சொந்தமானது. 1992இல் நிர்வாகம் கைமாறி, பிறகு 53 வருடக் குத்தகையாக்கப்பட்டது. அந்தக் குத்தகைகள் 2045இல் முடிய வேண்டியவை. எனவே ஒரு ஸ்டோரையோ மைதானத்தையோ வேறு தேவைக்குக் கொடுப்பதைத் துரையும் கம்பெனியும் மட்டும் பேசி முடிக்கக்கூடாது. அரசு அந்தப் பேச்சில் இருக்க வேண்டும், அரசு இருக்கும் இடத்தில் நாமும் இருக்கக் கேட்கலாம். கேட்க வேண்டிய நேரம் மெஷின் கழற்றும் நேரம். ஹோட்டலுக்குப் பெயர்ப்பலகை மாட்டிய பிறகு போய்க் கோஷம் போடுவதில் பயனில்லை.

மூத்தவர்களின் கேள்விக்கு வருகிறோம். கூலியா, கூரையா, விளையாட்டா என்று தராசில் வைத்து ஒன்றைத் தூக்கச் சொல்வது கம்பெனிகளுக்குப் பிடித்த கணக்கு. நாம் அந்தக் கணக்குக்குள் போகத் தேவையில்லை. கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் தீபாவளிக்கு வந்தால் எங்கே கூடுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். மாலை ஆறு மணிக்கு மேல் ஓர் இளைஞனுக்குத் தோட்டத்தில் திறந்திருக்கும் ஒரே கதவு எது என்பதும் தெரியும். கசிப்பை ஒழிக்கத் தீர்மானம் போட்டால் மட்டும் போதாது. மலையிறங்கி வந்ததும் தண்ணீர் தூக்கவும் அடுப்பு மூட்டவும் ஓடும் பெண்களுக்கு விளையாட நேரமில்லை என்பது வேறு வழக்கு. அதற்கு வீட்டு ஆண்களிடம்தான் பேச வேண்டும், கம்பெனியிடம் அல்ல. ஆனால் பாடசாலையில் வலைப்பந்து ஆடிய பெண்பிள்ளை சாதாரண தரப் பரீட்சையோடு ஏன் பந்தை விட்டுவிடுகிறாள் என்று அவளிடமே கேட்டுப் பாருங்கள். இடமில்லை என்பாள்.

ஆகவே சங்கம் இதை எடுத்துக்கொள்கிறது. வெறும் மனுவாக அனுப்பினால் குப்பைக்கூடைக்குப் போகும், விவரத்தோடுதான் போக வேண்டும். தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகள், இளைஞர் கழகங்கள் சேர்ந்து அடுத்த மாத முடிவுக்குள் எமக்கு எழுதுங்கள். உங்கள் தோட்டத்தில் மூடிக் கிடக்கும் ஸ்டோர் எது, எந்த வருடம் மூடியது, யார் கையில் சாவி இருக்கிறது? கொழுந்து காயப்போடும் மாடிகளில் தூண்கள் நெருக்கம், கூரையும் பதிவு. அவை கேரம், மேசைப்பந்து, வாசிகசாலைக்குப் பயன்படலாம். மெஷின் இருந்த கீழ்த்தளத்தை நாடா பிடித்து அளந்து பாருங்கள். தூண் இல்லாமல் 18 மீற்றருக்கு 9 மீற்றர் கிடைக்கிறதா, சுற்றிலும் ஓட இன்னும் மூன்று மீற்றராவது மிஞ்சுகிறதா? கரப்பந்தாட்டத்துக்குத் தலைக்கு மேல் 7 மீற்றர் வெறுமையாக இருக்க வேண்டும், பல ஸ்டோர்களில் அது இருக்காது. இல்லாவிட்டால் இல்லை என்றே எழுதுங்கள், பூப்பந்துக்கோ கெரத்தேக்கோ ஆகுமா பார்ப்போம். கூரை தகரமா அஸ்பெஸ்டஸா, தரையில் எண்ணெய் ஊறியிருக்கிறதா, மழைநீர் எந்தப் பக்கம் வருகிறது என்பதையும் குறியுங்கள். அஸ்பெஸ்டஸ் உடைந்திருந்தால் யாரும் கூரையில் ஏற வேண்டாம், பிள்ளைகளை உள்ளே விடவும் வேண்டாம். பூட்டை உடைத்து அளக்கவும் வேண்டாம். துரையிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள், மறுத்தால் அந்த மறுப்புக் கடிதத்தின் பிரதியையும் சேர்த்து மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்பி வையுங்கள்.